கணினி மொழிப் பதிப்புகளின் ஆயுள்

சென்ற கோடை விடுமுறையில் நம் கலாசாலை மாணாக்கர் சிலருடன் பழனி மலையின் மேற்பகுதியிலுள்ள போளூரிற் சில நாள் தங்கியிருந்தோம். கொடைக்கானலினின்று பூம்பாறை வழியாகச் சென்று, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களைக் கடப்பார்க்கு, படிப்படியாக வெட்டிய சரிவுகளிற் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் நிலங்களினிடையே இவ்வூர் தோன்றும். மாலைதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுப்பது நம்மவர் ஏற்றுக்கொண்ட பணி. அங்ஙனம் வந்தவருள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனொருவன், தன் தமக்கை படித்த காலத்து வாங்கிய பழைய மடிக்கணினியொன்றைக் கம்பளியிற் சுற்றி எடுத்துவந்தான். “ஐயா, எத்தனை முறை திருத்தி எழுதினாலும் பிழையென்றே சொல்லுகிறது, எங்கே பிழையென்று நீங்கள் பாருங்கள்” என்றான்.

அவன் எழுதியிருந்தது சிறியதொரு நிரல். பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ் என்பவற்றுள் ஒன்றின் பெயரையும் எடையையும் கொடுத்தால் விலைத் தொகை இவ்வளவென்று அது கூறவேண்டும். சமவெளியிலே கல்லூரியிற் படிக்கும் உறவினரொருவர் எழுதிக் கைப்பேசியில் அனுப்பியதை, ஒவ்வோரெழுத்தாகப் பார்த்து அடித்திருந்தான். பைத்தான் என்னும் மொழியில் அமைந்த அந்நிரலை ஓட்டியவுடன், இலக்கணப் பிழையென்னும் ஒரு வரி சிவந்த எழுத்தில் வந்து நின்றது. ஒரு வாரமாகத் தன் தவற்றைத் தேடியும் அவனுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் படிப்புத் தனக்கு வாராதென்று முடிவுகட்டி, பள்ளியிறுதித் தேர்வுக்குப்பின் கணினியின் பக்கமே போவதில்லையென்று வீட்டிலும் சொல்லிவிட்டானாம்.

நாமும் வரிவரியாகப் பார்த்தோம். ஓரெழுத்தும் பிழையில்லை. பொறியிலுள்ள பைத்தான் எத்தனையாவது பதிப்பென்று கேட்க அரைமணி கழித்தே நமக்குத் தோன்றியது. முதலிற் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதுவே. விடை 3.8 என்று வந்தது. உறவினர் கையாண்டிருந்த ‘மேட்ச்’ என்னுந் தொடரமைப்போ, 2021 அக்டோபர் 4-ல் வெளிவந்த 3.10 ஆம் பதிப்பிலேதான் அம்மொழியினுட் புகுந்தது. தான் பிறந்தபோது உலகில் இல்லாத ஓர் அமைப்பைக் கண்ட பழைய பதிப்பு, அதனைப் பிழையென்று தள்ளிற்று. பையன்மேற் குற்றமில்லை, பொறியின்மேலுங் குற்றமில்லை.

“மொழி ஒன்றுதானே ஐயா, அதிற் பழையது புதியது என்று எப்படி?” என்று அவன் கேட்டான். அன்று மாலை அவனுக்குக் கூறியதையே சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம். நம் கலாசாலையிலும் இவ்விஷயத்தை அறியாமல் தம்மையே நொந்துகொள்ளும் மாணாக்கர் உளர்.

நாம் பேசும் மொழியிற் புதுச்சொல் நுழைவதற்கு நாளும் நட்சத்திரமும் குறிப்பாரில்லை. கணினி மொழி அத்தன்மையதன்று. அதன் இலக்கணம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. நாம் எழுதியதைப் படித்துப் பொறிக்கு உணர்த்தும் மற்றொரு நிரலாகவே அது வடிவு கொண்டுள்ளது. அந்நிரலை ஒரு குழுவினர் இயற்றி, இன்ன நாளில் இன்ன எண்ணோடு வெளியிடுகின்றனர். 1989 டிசம்பர் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணிபுரிந்த கைடோ வான் ராசம் என்பார் பைத்தானை இயற்றத் தொடங்கினார். 1991-ல் அது பிறர் கைக்கு வந்தது. ஏறத்தாழ முப்பதாண்டு அவர் சொல்லே முடிந்த முடிபாக இருந்தது. 3.8 ஆம் பதிப்பிற்கென முன்மொழியப்பட்ட ஒரு சிறு குறியீட்டைப்பற்றி எழுந்த பூசலால் மனஞ் சலித்து, 2018 ஜூலையில் அவர் அப்பதவியினின்று விலகினார். 2019 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழுவொன்று தீர்ப்புச் சொல்லி வருகின்றது. புதிதாக எதனைச் சேர்க்க விரும்புவோரும் ‘பெப்’ எனப்படும் முன்மொழிவொன்றை எழுதி, பலர் தடையையுங் கேட்டு, விடையிறுத்து, அதன் பின்னரே உடன்பாடு பெறுதல் வேண்டும்.

பதிப்பெண்ணைப் படிப்பதிலேயே பலர் வழுக்கி விழுகின்றனர். 3.10 என்பது தசம எண் அன்று. ஆகலின் அது 3.9-க்குக் குறைந்ததும் அன்று. ஒன்பதாவதற்கு அடுத்த பத்தாவது என்பதே அதன் பொருள். நூலில் மூன்றாம் அதிகாரத்துப் பத்தாஞ் செய்யுள் என்று எண்ணுவதுபோல எண்ணுதல் வேண்டும். முதலெண் மாறுவது அரிது. அது மாறினாற் பழைய நிரல்கள் ஓடாமற்போகலாம். இரண்டாமெண் மாறினாற் புதிய வசதிகள் வந்தனவென்று கொள்க. மூன்றாமெண், அதாவது 3.8.10 என்பதிலுள்ள ஈற்றெண், பிழை திருத்தங்களை மட்டுமே குறிப்பது.

இனி ஒரு பதிப்பின் வாழ்க்கையைக் காண்போம். முன்னர்ப் பதினெட்டுத் திங்களுக்கொரு முறையாகப் பைத்தான் பதிப்புகள் வெளிவந்தன. 2019-ல் ஏற்கப்பெற்ற பெப் 602 என்னும் முன்மொழிவின்படி, 3.9 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பதிப்பு வருகின்றது. வெளியீட்டிற்கு ஐந்து திங்கள் முன்பே புதிய வசதிகளுக்குக் கதவை அடைத்துவிடுவர். அதன்பின் மூன்று திங்கள் வெள்ளோட்டம்; அடுத்த இரண்டு திங்கள் இறுதிச் சோதனை. வெளியானபின் ஒன்றரை ஆண்டு கண்ட பிழைகளையெல்லாம் திருத்தி, நிறுவுதற்கேற்ற கோப்பும் செய்து தருவர். 3.13 முதல் இக்காலத்தை இரண்டாண்டாக நீட்டியுள்ளனர். அக்காலங் கழிந்தால் முதுமைப் பருவம். அப்போது பாதுகாப்பைக் குலைக்கும் பெரும்பிழைகளை மட்டும் திருத்துவர். அதனையும் மூலநிரலாகவே விடுவரன்றி நிறுவியாகச் செய்து தாரார். மொத்தத்தில் ஐந்தாண்டு நிறைந்தவுடன் கணக்கை முடித்துவிடுவர். 3.9-க்கு 2025 அக்டோபரில் முடிந்தது, 3.10-க்கு 2026 அக்டோபர் எல்லையாகும்.

போளூர் மாணவன் கையிலிருந்த 3.8, 2019 அக்டோபர் 14-ல் வெளிவந்தது. 2021 மே மாதத்து 3.8.10-ஓடு நிறுவிக் கோப்புகள் நின்றன. 2024 செப்டம்பரில் வந்த 3.8.20 மூலநிரல் மட்டுமே. அதைத் தானே தொகுத்துக்கொள்ளப் பள்ளி மாணவனால் ஆகுமோ? 2024 அக்டோபர் 7-ல் அப்பதிப்பு ஓய்வு பெற்றது.

அங்ஙனமாயின் 3.10-ஐ நிறுவிக்கொள்ளலாமே என்று அன்பர் கேட்கலாம். அவனும் முயன்றிருக்கிறான், பொறி ஏற்கவில்லை. அம்மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2020 ஜனவரி 14-ல் அதற்குரிய ஆதரவை நிறுத்தினர். தயாரித்தவரே கைவிட்ட இயங்குதளத்தைப் புதிய பதிப்பிற் சுமப்பதில்லையென்பது பைத்தான் குழுவினர் கொள்கை. அவ்வாண்டு அக்டோபரில் வந்த 3.9 ஆதலின், விண்டோஸ் 7-ன்மேல் ஏறாது. ஒன்றன் ஆயுள் முடிவு மற்றொன்றன் வாயிலை அடைத்துவிட்டது. தமக்கையின் கணினிக்கு 3.8-ஏ கடைசிப் பதிப்பு.

ஓய்வு பெற்றதென்றால் ஓடாதென்று பொருளில்லை. இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். நேற்றுக் கூட்டிய கணக்கை அது இன்றுங் கூட்டும். இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லையென்பதே பொருள். வலையோடு தொடர்பின்றி வீட்டிற் பாடம் பயிலும் பொறிக்கு அதனால் வருந் தீங்கு சிறிது. பலர் வந்து தம் பெயரும் பணமும் கொடுத்துச் செல்லும் இணையச் சேவையை அத்தகைய பதிப்பின்மேல் நிறுத்துவதோ, பூட்டுக் கெட்ட அறையில் ஊரார் நகையை அடைக்கலம் வாங்கி வைப்பதுபோலாம்.

புதுப்பதிப்புகளில் வந்தவை எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டப் புகின் இவ்விதழ் போதாது. பாதிக்குமேல் மாணாக்கருக்குப் பயனும் படா. நமக்குச் சிறந்ததாகத் தோன்றியது 3.10-ல் நிகழ்ந்த மற்றொரு திருத்தம். அதற்கு முன் அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தாலும் பொறி வேறெங்கோ ஒரு வரியைச் சுட்டி ‘பிழை’ என்று மட்டும் சொல்லும்; 3.10 முதல் இன்ன இடத்திற் றிறந்த அடைப்பு மூடப்படவில்லையென்று விளங்கச் சொல்லுகின்றது. ஆசிரியர் அருகில்லாமற் றனியே கற்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அந்த உதவி மிகத் தேவைப்பட்ட பையன் கையில் அதற்கு முந்திய பதிப்பு இருந்ததை என்னென்பது! 2022-ல் வந்த 3.11 முந்தியதைவிடச் சராசரி நான்கிலொரு பங்கு விரைவாக ஓடுவதென்று அதனைச் செய்தோர் அளந்து கூறினர். 2024-ன் 3.13-லும் 2025-ன் 3.14-லும் ஒரே நேரத்திற் பல கருவிழைகளை ஓட்டும் வகை விரிந்துள்ளது; அது பெரும்பணி செய்வோர்க்குரியது.

புகுவதுபோலவே கழிவதும் உண்டு. எவரும் பேணாத பத்தொன்பது பழைய கூறுகளை 3.13-ல் ஒருங்கே நீக்கினர். திடீரென நீக்குவதில்லை, இரண்டு பதிப்புக்கு முன்பே, இது போகப்போகின்றதென்று எச்சரிக்கை வரி தோன்றும். அவ்வரியை நம்மவர் படிப்பதில்லை. நிரல் ஓடுகின்றதே, போதாதா என்பர்.

நிற்க. மேற்கூறியன எவ்வகை மொழியினருக்கும் பொது. தமிழருக்கே உரிய வகையில் நெஞ்சைத் தொட்ட பதிப்பு மாற்றம் ஒன்றுண்டு. அது பைத்தான் 2-லிருந்து 3-க்குச் சென்றதாகும். 2008 டிசம்பர் 3-ல் 3.0 வெளிவந்தது; பழைய நிரல்கள் பல அதில் ஓடவில்லை. ஏழை இரண்டால் வகுத்தால் இரண்டாம் பைத்தான் மூன்று என்னும். மூன்றாம் பைத்தான் மூன்றரை என்னும். பிழைச்செய்தியின்றி விடை மட்டும் மாறும் இத்தகைய மாற்றம் அஞ்சத்தக்கது. ஆகவே உலகம் நகர மறுத்தது. 2015-ல் முடியவேண்டிய 2.7-ன் ஆதரவை 2020 ஜனவரி 1 வரை நீட்ட நேர்ந்தது. இத்துணைத் துன்பத்தையும் ஏன் விலைக்கு வாங்கினார்கள்? பெரியதொரு காரணம் எழுத்து.

அம்மாணவனை அவன் ஊர்ப்பெயரை அடிக்கச் செய்து, அதில் எத்தனை எழுத்தென்று பொறியைக் கேட்கச் சொன்னோம். ‘போளூர்’ என்பதற்கு அது ஆறென்றது. தமிழாசிரியர் மூன்றென்பார். யூனிகோடு முறையில் பகரம், ஓகாரக் குறி, ளகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி என ஆறு குறிகள் தனித்தனியே நிற்றலின் மூன்றாம் பைத்தான் அவற்றை எண்ணிற்று. இதே சொல்லைச் சாதாரணச் சரமாகக் கொடுத்து இரண்டாம் பைத்தானைக் கேட்டிருந்தால், யூ.டி.எஃப்-8 முறையில் குறியொன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினெட்டென்று சொல்லியிருக்கும். தமிழெழுத்தை எழுத்தாகவே கருதாமல் வெறும் எண் துணுக்காகக் கருதியதன் விளைவு அது. யூனிகோடு அறிந்த வேறொரு சர வகை அதில் இருந்ததுண்டு. இரண்டையும் கலந்தாற் பொறி சினந்து நிற்கும். தமிழ் நிரல் எழுதினோர் அந்நாளிற் பட்ட பாடு அவர்களே அறிவர். மூன்றாம் பைத்தானோ எல்லாச் சரத்தையும் யூனிகோடாகவே கொண்டது. அம்மட்டோ! மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் இடந்தந்தது. ‘விலை’ என்றும் ‘எடை’ என்றும் பெயர் வைத்து எழுதிய வரி பழைய 3.8-லும் தடையின்றி ஓடக் கண்டு அப்பையன் வாய்விட்டுச் சிரித்தான்.

பதினெட்டு ஆறாயிற்று, ஆறு மூன்றாவதற்கு மொழி மட்டும் போதாது. அதற்குத் தமிழர் சிலர் கூடி இயற்றிய ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நூலகம் துணைசெய்யும். உயிர்மெய்யை ஒன்றாகக் கூட்டி எண்ணித் தரும். இம்முயற்சியில் முன்னின்ற முத்தையா அண்ணாமலை என்பார், தமிழ்ச் சொற்களாலேயே நிரலெழுதத்தக்க ‘எழில்’ என்னும் மொழியையும் இயற்றி, 2009-ல் அதைப்பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ‘பதிப்பி’ என்றால் அது திரையிற் காட்டும். நிபந்தனையை முன்னே வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்னே வைக்கும் நம் தொடரியல்பும் அதிற் பேணப்பட்டுள்ளது. எழில் நிற்பது பைத்தானின்மேல். அடியிலுள்ள மொழி தன் பதிப்பை மாற்றினால், மேலே கட்டியவரும் தம் கட்டடத்தைத் திருத்தியே ஆகவேண்டும். சம்பளமின்றி ஓய்வு நேரத்தில் உழைக்கும் சிலருக்கு ஆண்டுதோறும் வரும் அவ்வேலை சிறிதன்று. புதுப்பதிப்பு வந்ததென்று மகிழ்வோர் இதனையும் நினைத்தல் நன்று.

புதியதைத் தேடி ஓடுவதே அறிவென்று நாம் சொல்லுவதாக எவருங் கொள்ளற்க. ஆனாற் பழையதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதன் கேட்டையும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நேரிற் கண்டுள்ளோம். போர்லாண்டு நிறுவனத்தாரின் டர்போ சி++ என்னும் தொகுப்பான் 1990-களின் தொடக்கத்தது. அம்மொழிக்கு உலகப் பொதுத் தரம் ஏற்பட்டதோ 1998-ல். தரம் பிறக்குமுன் தோன்றிய அத்தொகுப்பானையே அதன்பின்னும் நெடுங்காலம் ஆய்வுக்கூடங்களில் வைத்துப் பயிற்றினர். நாமும் அந்நீலத் திரையிற் கற்றவரே; அதன்பாற் பற்று இன்னும் நீங்கவில்லை. ஆயினும் வெளியுலகிற் சென்று முதல் நிரலை எழுதியபோது, மனப்பாடமாயிருந்த முதல் வரியையே புதிய தொகுப்பான் ஏற்க மறுத்தது. நாம் கற்றது மொழியையன்று, மொழியின் பழையதொரு பதிப்பை என்பது அன்றைக்கே விளங்கிற்று. போளூர்ப் பையனை வாட்டிய அதே திகைப்பு, மறுதலையாக நமக்கு நேர்ந்தது. அத்தரத்தை 2011 முதல் மூன்றாண்டுக்கொரு முறை திருத்தி வருகின்றனர். ஜாவா மொழியார் ஆறு திங்களுக்கொரு பதிப்பு விடுத்து, அவற்றுட் சிலவற்றை மட்டும் நெடுங்கால ஆதரவுக்குரியனவாகக் குறிக்கின்றனர். 2014-ன் எட்டும், 2018-ன் பதினொன்றும், 2021-ன் பதினேழும், 2023-ன் இருபத்தொன்றும், 2025-ன் இருபத்தைந்தும் அத்தகையன.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூலில் 2019 முதற் பைத்தான் பயிற்றப்படுகின்றது. ஆதலின் நம் கலாசாலைக்கு வரும் மாணாக்கர் பலர், ஏதோ ஒரு பதிப்பிற் பழகியே வருகின்றனர். ஆய்வுக்கூடத்தில் எதனை நிறுவுவதென்று ஆண்டுதோறும் வாதம் நிகழ்கின்றது. அக்டோபரில் வந்ததை அடுத்த நாளே நிறுவவேண்டுமென்பாரோடு நாம் உடன்படவில்லை. அறிவியற் பணிக்குரிய நூலகங்கள் அதனோடு பொருந்தச் சில திங்கள் ஆகும். பழையதே போதுமென்பாரோடும் உடன்பாடில்லை. மொழியார் ஐந்தாண்டு காத்தாலும், அந்நூலகங்களை இயற்றுவோர் மூன்றாண்டு கடந்த பதிப்பைக் கைவிடுவது வழக்கமாகிவருகின்றது. ஓராண்டு முதிர்ந்த பதிப்பை நிறுவி, மூன்றாண்டு வைத்திருந்து மாற்றுதல் தகுமென்பது நம் அபிப்பிராயம். எல்லாவற்றினும் முதன்மையாக, முதல் நாள் முதற் பாடத்தில் பதிப்பெண்ணைக் கேட்டறியும் வகையை மாணாக்கருக்குக் கற்பித்துவிடவேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

போளூர்க் கதையின் எஞ்சிய பகுதி சிறிதே. விண்டோஸை நீக்கி, பைத்தான் 3.11-ஐ உடன்கொண்டு வரும் டெபியன் 12-ஐ ஏற்றித் தரலாமென்று நம் மாணாக்கர் முன்வந்தனர். பையன் தயங்கினான். தமக்கையின் கலியாணப் படங்கள் அக்கணினியிலே இருந்தன. அவளைக் கேளாமற் கைவைக்க அவனுக்கு மனமில்லை. ஆதலின் 3.8-லேயே, அப்பதிப்பு நன்கறிந்த ‘இஃப்’, ‘எலிஃப்’ என்னுந் தொடர்களைக்கொண்டு நிரலை மாற்றி எழுதினான். நாம் கை வைக்கவில்லை. பூண்டு என்று அடித்து, எடையைக் கொடுத்தான், தொகை வந்தது. அம்முதற் கணக்கைத் தன் தந்தையாரை அழைத்துவந்து ஒருமுறை காட்டினான். அவர் விலை தவறென்று சொல்லி, அன்றைய விலையைக் கூறினார். அதையுந் திருத்திக்கொண்டான்.

நாம் புறப்பட்ட காலையில் நிரலை மறுபடியுங் காட்டினான். தலைப்பில் ஒரு குறிப்பு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: ‘இது பைத்தான் 3.8-ல் எழுதியது’.